இரவெல்லாம் விழித்திருக்கும் நம் பிள்ளைகளின் கண்கள்





எம். புதுப்பட்டியில் இருக்கும் நமக்கு நர்ஸுகளின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் விபத்து என்றால், தீக்காயம் பட்டவர்களின் பக்கத்தில் விடிய விடிய நிற்பவர்கள் அவர்கள்தாம். இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் நர்ஸிங் படித்து சிவகாசி, விருதுநகர், மதுரை என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய கண்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நைட் டியூட்டி முடிந்து வரும் பிள்ளை, "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது" என்கிறாள். கண் சிவந்திருக்கிறது. எழுத்து மங்குகிறது, இமைத்தால் தெளிகிறது. தூங்காத கண் அப்படித்தான் இருக்கும் என்று நாம் விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இது கண் உலர்வு நோயின் அறிகுறி.

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் உண்டு. இமைக்கும்போதெல்லாம் அது கண் முழுவதும் பரவுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். மானிட்டரையும் கம்ப்யூட்டரையும் உற்றுப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். ஏ.சி. காற்று இருக்கிற ஈரத்தையும் உலர்த்துகிறது. இதோடு தூக்கமும் குறைந்தால் கண்ணீர் சுரப்பே குறைகிறது. பல ஆண்டுகள் இரவுப் பணி செய்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த நோய் விழித்திரையைத் தாக்கக் கூடியது.

இதைவிடக் கவலை தரும் ஒன்று உண்டு. சிவப்பு மறைய வேண்டும் என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்தைத் தாமாகவே வாங்கி ஊற்றிக்கொள்வது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஊற்றியதும் சுகம் தெரியும். டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் ஊற்றினால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுவிடலாம். அதில் பெரும்பாலும் வலி இருக்காது. போன பார்வையும் திரும்பாது.

ஆகவே உறுத்தல் தொடர்ந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கடும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், திடீர் பார்வைக் குறைவு இருந்தால் அன்றே போக வேண்டும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில், மதுரையில்தான் இருக்கிறது.

பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். நினைத்து நினைத்து இமையுங்கள். ஏ.சி. காற்று நேராக முகத்தில் படாமல் உட்காருங்கள். கான்டாக்ட் லென்ஸோடு தூங்காதீர்கள். தூக்கம் சொக்கும்போது வண்டி ஓட்ட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பெரிய பொறுப்பு. காலையில் வந்தவளிடம், "அடுப்பை ஒரு பார்வை பாரும்மா" என்கிறோம். பதினொரு மணிக்கு விருந்தாளி வந்தால் எழுப்புகிறோம். பகல் தூக்கம் இயல்பாகவே இரவுத் தூக்கம் போல நீளாது. அதையும் நாம் துண்டு துண்டாக்கினால் எந்த மருந்து அவள் கண்ணைக் காக்கும்? ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லுஹர் பாங்கு வரை யாரும் எழுப்பாதீர்கள். சமையலை அத்தாமார்களும் மாப்பிள்ளைமார்களும் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. அவள் சம்பளம் வீட்டுக்கு வருகிறது என்றால் அவள் தூக்கத்துக்கும் வீடுதான் பொறுப்பு.

நமது டிரஸ்டின் அடுத்த கண் பரிசோதனை முகாமை அஸருக்குப் பிறகு நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். இரவு வேலை பார்க்கும் பிள்ளைகள் தூங்கி எழுந்து வர அதுவே தோதான நேரம். ஆலைகளிலும் மில்களிலும் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும் வரலாம்.

கண் அல்லாஹ் தந்த அமானிதம். பிறர் உயிரைக் காக்க விழித்திருக்கும் கண்களை நாம் காப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.