கொடுக்கிற கையும் படம் எடுக்கிற கையும்

(சபையின் ஆண்டு விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து தாதியர் பயிற்சி பெற்று, வைத்தியசாலை வேலையிலேயே வயது நாற்பதைக் கடந்துவிட்டவள் நான். நீண்ட காலமாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

2004 மார்கழி 26, நத்தாருக்கு அடுத்த நாள். பெரியவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சுமாத்திராத் தீவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் நடுங்கியது. அதனால் எழுந்த அலை பல நாடுகளின் கரைகளை அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் 30,000 பேருக்கும் மேல் மாண்டார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், காணாமற்போனவர்களையும் சேர்த்தால் 1,60,000 பேருக்கும் மேல்.

அப்போது நான் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து, இங்குள்ள விசுவாசிகள் சேர்த்துத் தந்த பணத்தோடு மட்டக்களப்புக் கரைக்குப் போனோம். காயங்களுக்கு மருந்து கட்டினோம், பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகள் கொடுத்தோம். கொடுத்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு கமராவும் கொண்டு போயிருந்தோம்.

எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையனுக்குப் பை கொடுத்தேன். படம் சரியாக விழவில்லை. "தம்பி, அதை ஒருக்காத் திருப்பித் தாங்கோ, இன்னொருக்காத் தாறன்" என்றேன். தந்தான். இரண்டாம் முறை படம் நன்றாக விழுந்தது. ஆனால் அதில் அவன் சிரிக்கவில்லை. பெற்றோரை இழந்த துயரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அவனுடைய அம்மம்மா என்னிடம் வந்து, "பிள்ளை பயந்துபோனான், மகள். தந்ததைப் பறிச்சுப்போடுவியள் எண்டு நினைச்சிட்டான்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதே முகாமுக்கு நாள்தோறும் தண்ணீர் பவுசர் வரும். கூடவே ஓர் இளம் சிப்பாய் வருவான். முதல் நாள்களில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சீருடையைப் பற்றி அந்தச் சனத்துக்கு வேறு நினைவுகள் இருந்தன. அவனோ சொன்ன நேரத்துக்கு வந்து, வாளிகளை நிரப்பி, வயதானவர்களின் வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். அவனோடு கமரா வரவில்லை. நாங்கள் புறப்பட்ட வாரம், அந்த அம்மம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்ததைக் கண்டேன். யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்தவ அவ. நடந்ததை மறந்து கொடுக்கவில்லை. அந்தப் பொடியன் சொன்ன சொல் தவறவில்லை என்பதற்காகக் கொடுத்தா.

இங்கே திரும்பி வந்தபின் ஆச்சேயைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அங்கேயும் எங்கள் கதைதான். 1976 முதல் சுதந்திரம் கேட்ட போராளிகளுக்கும் இந்தோனேசிய இராணுவத்துக்கும் சண்டை. 2003 இல் இராணுவச் சட்டம் வந்தது. வெளிநாட்டு ஊடகவியலாளருக்கும் உதவி அமைப்புகளுக்கும் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. அலை அடித்த சில நாள்களில் அந்தக் கதவைத் திறக்கவேண்டி வந்தது. உலகத்துக் கமராக்கள் எல்லாம் அங்கே இறங்கின. அமெரிக்காவின் 'ஆபிரகாம் லிங்கன்' கப்பலிலிருந்து ஹெலிகொப்டர்கள் தண்ணீரும் உணவும் இறக்கின. அந்தப் படங்களை உலகமே பார்த்தது. 2003 இல் இந்தோனேசியரில் 15 வீதத்தினரே அமெரிக்காவை நல்லதாக எண்ணினார்கள் என்றும், 2005 இல் அது 38 வீதமானது என்றும் பியூ ஆய்வு மையம் கண்டது.

ஆனால் வெளியிலிருந்து வந்த படைகள் சில மாதங்களில் போய்விட்டன. ஆச்சே மக்கள் தொடர்ந்து வாழவேண்டியிருந்தது தங்கள் நாட்டு இராணுவத்தோடு. அலைக்குப் பின்னும் இரு பக்கமும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள், சண்டையும் நடந்தது. அரிசி மூட்டையை வாங்குகிற தாய்க்கு, அதைத் தருகிற சிப்பாய் நாளைக்கு என்ன செய்வான் என்ற பயம் போகவில்லை. அந்தப் பயத்தை எந்தப் படத்தாலும் போக்க முடியாது.

அதைக் குறைத்தது பொறுமையான வேறொரு வேலை. பேசிப்பார்க்கும் முயற்சி அலைக்கு முன்பே தொடங்கியிருந்தது. பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்த்தி அத்திசாரி நடுவில் இருக்க, ஹெல்சிங்கியில் பல சுற்றுப் பேசி, 2005 ஆவணி 15 இல் ஒப்பமிட்டார்கள். போராளிகள் 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட படைகள் திரும்பிப் போயின. ஐரோப்பிய, ஆசியான் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் இரண்டையும் எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளைகளே, இதைக் கேளுங்கள்: அலை வந்தபோது சிறைக்குள் இருந்து, கூரை வழியாகத் தப்பிய இர்வாண்டி யூசுப் என்ற போராளி, 2006 மார்கழியில் மக்களின் வாக்குகளால் அந்த மாகாணத்தின் ஆளுநராகத் தெரிவானார்.

இலங்கையில் என்ன நடந்தது? நிவாரணத்தை இரு தரப்பும் சேர்ந்து பகிர்வதற்கான உடன்பாடு 2005 ஆனி 24 இல் ஒப்பமானது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அது வேலை செய்யவே இல்லை. 2006 இல் யுத்தம் திரும்பியது. அதன் முடிவை இங்கே பலர் தங்கள் குடும்பத்திலேயே சுமக்கிறீர்கள். அலை இரண்டு இடத்திலும் ஒரே அலைதான். ஒரு இடத்தில் கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்கள், அதை எண்ணிப் பார்க்கவும் ஆள் இருந்தது. மற்ற இடத்தில் வாக்கு கடதாசியிலேயே நின்றுவிட்டது.

நல்ல சமாரியன் கதையைச் சொல்லும்போது நாம் எல்லாரும் சமாரியனாகவே நம்மை நினைத்துக்கொள்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனின் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். தன் சனம் வெறுத்த, நம்பாத ஒருவனுடைய கையால் அவன் எண்ணெய் பூசிக்கொள்ளவேண்டியிருந்தது. அந்தச் சமாரியனோ சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான்.

என் வேலையிலும் அப்படித்தான். காயத்தைத் தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவேண்டும், சம்மதம் கேட்கவேண்டும். "நாலு மணிக்கு வருகிறேன்" என்றால் நாலு மணிக்கு வரவேண்டும். நோயாளியின் நம்பிக்கை அப்படித்தான் வளரும்.

ஆகவே, நம் சபையின் நிவாரண நிதிக்காக இரண்டு விண்ணப்பங்கள். உதவி வாங்குகிறவர்களின் முகத்தைப் படமாகக் கேட்காமல், எத்தனை பை, எவ்வளவு பணம், எந்த ஊர் என்று கணக்காகக் கேட்போம். ஓர் ஊருக்கு ஒருமுறை போனால், அடுத்த வருடம் வெறுங்கையோடாவது அங்கே திரும்பிப் போவோம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. செய்தியில் ஒருவர் சோறு கொடுக்கிற படத்தைப் பார்த்தால், வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள். கமரா போனபின் அங்கே என்ன நடந்தது என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை. அந்தத் தம்பிக்கு இப்போது முப்பது வயது ஆகியிருக்கும். எங்கே இருந்தாலும் கர்த்தர் அவனை ஆசீர்வதிப்பாராக.