பல் உறையைக் கழற்றும் கருவி: பயப்பட வேண்டாம், சொல்லிவிடுங்கள்



தோட்டத்தில் இருந்த காலத்தில், ஆடிய பல்லில் நூலைக் கட்டி நாமே இழுத்துவிடுவோம். பல்லுக்குப் போட்ட உறையை அப்படிக் கழற்றக் கூடாது.

உறை பல்லோடு பசையால் ஒட்டப்பட்டது. உள்ளே சொத்தை வந்தால் மருத்துவர் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்கொரு கைக்கருவி உண்டு. கம்பியின் நுனியில் கொக்கி. கம்பியின் மேல் வழுக்கி ஓடும் சிறு எடை. கொக்கியை உறையின் ஓரத்தில் மாட்டி, எடையை இழுத்துத் தட்டுவார். ‘டொக்’ என்று கேட்கும். அந்த அதிர்வில் பசை விடும்.

ஆனால் ஈறு நோயால் ஆடும் பல்லில் தட்டினால் பல்லே வந்துவிடலாம். பலவீனமான பல் முறியவும் கூடும். அப்படிப்பட்ட பல்லில் உறையை அறுத்து எடுப்பதே நல்லது. ஆகவே பல் ஆடுகிறதா, இனிப்புநீர் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதை முன்னமே சொல்லுங்கள். தட்டும்போது வலித்தால் கையைத் தூக்குங்கள்.

உறை தானாகக் கழன்றால் டப்பாவில் போட்டு, சீக்கிரம் பல் கிளினிக்கிற்குக் கொண்டு வாருங்கள். கடைப் பசையால் ஒட்டாதீர்கள்; குறட்டால் இழுக்காதீர்கள். உறை தொண்டைக்குள் போய் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.

மலிவு என்று வீட்டில் பல் கட்டுபவரிடம் போகாதீர்கள். 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்வது குற்றம். கெட்டுப்போவது உங்கள் பல்.