தகுதியை எடுத்துரைப்பது தற்பெருமையாகுமா?

(நமது ஜமாஅத்தின் கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வேலை தேடும் இளைஞர் தம்மை வேலை கொடுப்பவரிடம் எவ்வாறு எடுத்துரைக்க வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் இதனைத் தன்னைத்தானே விற்பது என்றே குறிப்பிடுவார்கள். இதை நம் மஹல்லாப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "ஒரு முஃமின் தன்னை விற்பதாவது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆயினும் நாம் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவந்த சமுதாயத்தினர். விற்பனை இன்னதென்று நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நல்ல வணிகர் சரக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு, வாங்க ஆள் வரவில்லையே என்று வருந்தமாட்டார். அதேபோல் ஈரத் தானியத்தை அடியில் போட்டுக் காய்ந்த தானியத்தை மேலே பரப்பவும் மாட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, விரலில் ஈரம் பட்டதும் அவ்வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

வேலை தேடும் நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இவ்விரண்டில் அடங்கிவிடுகின்றன. சிலர் சரக்கைப் பூட்டி வைக்கிறார்கள்; சிலர் ஈரத்தை மறைக்கிறார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்து, ஆள் தேர்வு செய்யும் மேசையின் மறுபக்கத்தில் பல ஆண்டுகள் அமர்ந்தவன். ஒருமுறை கணக்கு உதவியாளர் பணிக்கு பி.காம். முடித்த இளைஞர் ஒருவர் வந்திருந்தார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். தம் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் சொல்லி நிறுத்திக்கொண்டார். "பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவே, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "சும்மாதான் இருந்தேன் சார்" என்றார். அவரை அனுப்பிவிட இருந்தேன். கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தவரிடம், "சும்மா என்றால் வீட்டிலா?" என்று ஏதோ தோன்றிக் கேட்டேன். "இல்லை சார், மாமாவின் இரும்புக் கடையில் இருந்தேன்" என்றார். மேலும் கேட்கக் கேட்க விவரம் வெளிவந்தது. அன்றாட வரவு செலவை எழுதியவர் அவரே. இருப்புப் பதிவேடு அவர் கையில்தான் இருந்தது. மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குக்கான பில்களை ஒழுங்குபடுத்தி ஆடிட்டரிடம் சேர்த்தவரும், நிலுவைக் கடன்களை நயமாகப் பேசி வசூலித்தவரும் அவரே. எங்களுக்குத் தேவைப்பட்ட ஆள் அவர்தான்! பணியில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் இதுவரை எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்?

வேறொருவர் வந்தார். நன்றாகப் பேசினார், வேலையும் அறிந்திருந்தார். ஆனால் ஓராண்டு அனுபவத்தை மூன்றாண்டு என்று காட்ட ஒரு பொய்ச் சான்றிதழை இணைத்திருந்தார். சேர்ந்து மூன்று மாதம் ஆனபின், சான்றிதழில் இருந்த நிறுவனத்திற்கு நாங்கள் எழுதிய கடிதத்திற்குப் பதில் வந்தது. அவர் வெளியேற வேண்டியதாயிற்று. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவரை எடுத்திருப்போம் என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அவருக்குப்பின் அதே ஊரிலிருந்து வந்த பிள்ளைகளின் சான்றிதழ்களை என் மேலதிகாரி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். ஒருவர் சொன்ன பொய்க்கு ஊரே விலை கொடுத்தது.

அருமைச் சகோதரர்களே! தம்மைப் பற்றித் தாமே சொல்வது அடக்கத்திற்கு முரண் அல்லவா என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தம்மைத் தாமே பரிசுத்தவான் என்று புகழ்ந்துகொள்வதைத் திருமறை தடுக்கிறது. பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. ஆனால் அதே திருமறையில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். 12ஆம் அத்தியாயத்தின் 55ஆம் வசனத்தில், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு அவர்களே மன்னரிடம் கேட்கிறார்கள்; தாம் பேணிக் காப்பவர் என்றும் அறிந்தவர் என்றும் எடுத்துரைக்கிறார்கள். தேவையும் தகுதியும் தூய எண்ணமும் கூடும்போது இவ்வாறு கேட்பது தற்பெருமையாகாது என்று உலமாக்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். மார்க்க நுணுக்கத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, வேலை தேடுபவருக்கு இதில் உள்ள பாடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அவர்கள் கேட்பதற்கு முன்பே தம் திறனைக் காட்டியிருந்தார்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளைக் கடக்கும் திட்டத்தைச் சிறையிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது, தம்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கும்வரை சிறையைவிட்டு வெளிவர அவர்கள் அவசரப்படவில்லை. பதவியைவிட நற்பெயரை முன்னே வைத்தார்கள். மூன்றாவது, ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை. இன்ன பொறுப்பு என்று குறித்துக் கேட்டார்கள். நான்காவது, அந்தப் பொறுப்புக்குத் தேவையான இரண்டு பண்புகளை மட்டும் சொன்னார்கள். நபிமார்களின் வழித்தோன்றல் என்ற குலப்பெருமையை அங்கே எடுக்கவில்லை. சிறையில் பட்ட துன்பத்தைச் சொல்லி இரக்கமும் தேடவில்லை.

இப்போது நம் பயோடேட்டாவை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். எல்லா நிறுவனத்திற்கும் ஒரே தாளை நகலெடுத்து அனுப்புகிறோம். கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்று எல்லோரும் எழுதுவதையே நாமும் எழுதுகிறோம். அதைப் படிப்பவர் மனத்தில் எதுவும் பதிவதில்லை. ‘கடையில் உதவினேன்’ என்பதற்குப் பதிலாக, எத்தனை ஆண்டுகள், எத்தனை வாடிக்கையாளர்களின் கணக்கு, என்ன மென்பொருள் என்று உள்ளதை உள்ளபடி எண்ணிக்கையோடு எழுதுங்கள். விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளுக்கு உரியவற்றை முதலில் வையுங்கள். புதிதாக வேலை தேடுவோருக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால், படித்தது, செய்தது, இந்த வேலைக்கு அது எப்படிப் பயன்படும் என்னும் மூன்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். தந்தைக்கு உடல்நலமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது குறையன்று. தெரியாத கேள்விக்கு, "தெரியாது, கற்றுக்கொள்வேன்" என்று சொல்பவரைத் தேர்வாளர்கள் மதிப்பார்கள்.

நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டச் சான்றிதழ் பீரோவில் இருக்க, வீட்டில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அதுவும் அனுபவமே.

ஜும்ஆ தொழுகையைப் பற்றி எப்போது பேசுவது என்று பலர் கேட்கிறார்கள். பணி உறுதியாகும் கட்டத்தில், சேர்வதற்கு முன்பாகவே, தெளிவாகவும் பணிவாகவும் சொல்லிவிடுங்கள். உணவு இடைவேளைக்கு மேற்பட்டு எடுக்கும் நேரத்தை மாலையில் ஈடுசெய்கிறேன் என்று நீங்களே வழியையும் சொல்லுங்கள். சேர்ந்தபின் சொல்லாமல் எழுந்து போவதுதான் மனக்கசப்பை உண்டாக்கும்.

வளைகுடா செல்ல விரும்புவோர் தம் சான்றிதழ்களுக்கு அந்தந்த நாட்டு விதிப்படி முன்கூட்டியே சான்றொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். இரசீது தர மறுப்பவரிடமும், சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடமும் தாயின் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள். உங்கள் தகுதியை எடைபோடாமல் பணத்தை மட்டும் எண்ணுபவர் உங்களுக்கு வேலை தேடித் தருபவரல்லர்.

இனி நம்மைப் போன்ற மூத்தவர்களுக்கு. மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்த்துறையில், கூலி எதிர்பாராமல் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். அப்பெண்களில் ஒருவர்தாம் பின்னர் தம் தந்தையிடம், வலிமையும் நம்பகமும் உள்ள இவரைப் பணிக்கு அமர்த்துங்கள் என்று பரிந்துரைத்தார். 28ஆம் அத்தியாயத்தில் இது வருகிறது. கண்ணால் கண்டதை வைத்தே அவர் சொன்னார். பரிந்துரை என்பதும் ஒரு சாட்சிதான். நம்மில் நல்ல பணியில் இருப்பவர்கள், கண்டறியாத பிள்ளைக்காகப் பேசவும் வேண்டாம். கண்டறிந்த பிள்ளைக்காகப் பேசாமல் இருக்கவும் வேண்டாம்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதத்தில் ஓரிரவு, இஷாவுக்குப்பின் மதரஸாக் கூடத்தில் மூன்று நாற்காலிகள் போடுங்கள். வேலையில் இருக்கும் மூவர் அமர்ந்து, வேலை தேடும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதுபோலக் கேள்வி கேட்கட்டும். சகோதரிகளுக்குத் தனியே ஓர் ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. அந்நியர் முன்னே முதன்முறை தடுமாறுவதைவிட, நம் பள்ளிவாசல் நிழலில் தடுமாறிக் கற்றுக்கொள்வது நல்லதல்லவா?

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னேறினார்கள். நம் பிள்ளைகள் நம்மிடம் பாதிச் செல்வத்தைக் கேட்கவில்லை. கடைவீதிக்கு வழி கேட்கிறார்கள். அதைக் காட்டுவது நம் கடமை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். உண்மையான சரக்கோடு கடைவீதிக்குப் போவது நம் பங்கு.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வாழ்வாதாரத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.