அடுத்த ஊர்க் கூட்டம்

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற கூட்டங்களில் பழையதும் பரவலானதும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஓட்டல் ஒன்றில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகர் தனியாக நின்றுகொண்டிருந்தார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கூப்பிடு தூரத்தில் மதுக்கூடம். அவர் அங்கே போகாமல், தொலைபேசியை எடுத்து அந்த ஊர்ப் பாதிரியார்களைக் கூப்பிட்டார். அவர் கேட்டது அறிவுரை இல்லை. தன்னைப் போலவே குடியில் சிக்கிய ஒருவரோடு பேச வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்று அறியப்படும் அறுவை மருத்துவர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏஏ தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது.

ஆனால் காரைக்காலை ஒட்டிய தலத்தெரு போன்ற ஊரில் இருப்பவருக்குக் குடியை விட்டுக் கூட்டத்துக்குப் போவதில் ஊர் சார்ந்த சங்கடங்கள் உண்டு. சுற்றியுள்ள தஞ்சைச் சீமையில் 1948 முதல் 1971 வரை மதுவிலக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அதற்குப் பின்னும் காரைக்காலில் கடை திறந்தே இருந்தது. இன்றும் புதுச்சேரி வரி வேறு, விலை வேறு; சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் உரிமம் உண்டு. இன்னொன்று வெட்கம். தலத்தெருவின் சிவலோகநாதர் கோயில் பக்கம் காலையில் நடந்தது, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனாலேயே சிறிய ஊர்க்காரர்கள் அடுத்த ஊர்க் கூட்டத்தைத் தேடிப் போவது வழக்கம். பஸ் செலவு கூடும். ஆனால் தெரிந்த முகம் இருக்காது.

கூட்டத்தைத் தேட முதல் வழி, 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண். கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்பது இரண்டாவது வழி. ஏஏ தன் கூட்டங்கள் எந்த ஊரில், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்ற பட்டியலையும் வெளியிடுகிறது. பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாமல், ஒரு போன் செய்துவிட்டுப் போவது நல்லது. கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளி விடுமுறையில் பூட்டியிருந்தால், முதல் நாள் வந்தவர் மறுபடி வருவது சந்தேகம்.

தேடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. குடிப்பவர் காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் கை நடுங்கிப் பாதி டீ சிந்துகிறது என்றால், அவர் குடியைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் படுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம்.

கூட்டம் பார்வைக்கு மிகச் சாதாரணம். ஒரு வகுப்பறையோ சர்ச் கூடமோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், சில இடங்களில் டீ, பிஸ்கட். பேர் சொன்னால் போதும். ஊர், சாதி, வேலை யாரும் கேட்பதில்லை. ஒருவர் எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்கிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதி கிடையாது. புதிதாக வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. சந்தா இல்லை, உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடும் காசில்தான் செலவு நடக்கிறது, வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. ஏஏவின் மீட்பு வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வருவது சிலருக்கு உறுத்தும். கடவுள் மறுப்பாளர்கள் அந்த இடத்தில் குழுவையே தங்களை மீறிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள், யாரும் ஆட்சேபிப்பதில்லை.

ஏஏ பலன் தருகிறதா என்ற கேள்விக்கு 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பதில் சொல்கிறது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏவுக்கு வழிகாட்டும் சிகிச்சை பெற்றவர்கள் மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னே நின்றார்கள்.

அடுத்த ஊருக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே உதவி பெறுவதற்குக் காவிரி டெல்டாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கணவர் ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது 1989இல் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில் முகாம் போட்டது. கிராமத்தாரைச் சென்னைக்குக் கூட்டிப் போகாமல், மருத்துவமும் ஆலோசனையும் கிராமத்துக்கே வந்தன. முகாம் பதினைந்து நாள், ஊர்க்காரர்களே கைகொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருப்பது வெட்கத்துக்குப் பதில் பலமாக மாறியது. தலத்தெருக்காரர் அடுத்த ஊருக்குப் போவதும், மஞ்சக்குடிக்காரர் சொந்த ஊரிலேயே உட்கார்ந்ததும் நேர் எதிரான வழிகள். இரண்டுக்கும் இடமுண்டு, வெட்கம் பெரிதாக இருக்கும்வரை முதலாவதே சுலபம்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் போக இன்னொரு கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான் அது. கணவரை எப்படித் திருத்துவது என்ற கேள்வியோடு போகும் பெண்ணிடம், அங்கே இருப்பவர்கள் முதலில் விசாரிப்பது அவருடைய தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றியதாக இருக்கலாம். மீண்டும் குடித்துவிட்டவருக்கும் ஏஏ கதவு மூடுவதில்லை. அவர் பழைய நாற்காலிக்கே வருகிறார்; நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது.