நியூசிலாந்து வெண்ணெயும் பிரிட்டனின் தயக்கமும்



வரலாற்றுத் துறைக்காரனை மேடையேற்றினால் பழங்கதைதான் வரும். பொறுத்தருளுங்கள்.

1946-இல் ஜூரிக் நகரில் சர்ச்சில், ஐரோப்பிய ஐக்கிய நாடுகள் உருவாக வேண்டும் என்று முழங்கினார். ஆனால் அந்தக் கூட்டுக் குடித்தனத்தில் பிரிட்டனுக்கு அவர் இடம் கேட்கவில்லை. வாசலில் நின்று வாழ்த்தும் நண்பனாக இருந்தால் போதும் என்றே எண்ணினார். கடல் கடந்த சாம்ராஜ்யம் இருக்க, பக்கத்து வீட்டு உறவு எதற்கு?

1955-இல் ஆறு நாடுகள் பொதுச் சந்தைக்குத் திட்டம் தீட்ட பிரஸ்ஸல்ஸில் கூடின. தலைமை ஏற்றவர் பெல்ஜிய வெளியுறவு அமைச்சர் ஸ்பாக். லண்டன் அனுப்பியதோ ரஸ்ஸல் பிரெதர்டன் என்ற வர்த்தகத் துறை அதிகாரியை. நவம்பரோடு அவரும் விலகிக்கொண்டார். மறு ஆண்டே சூயஸ் கால்வாய்ப் படையெடுப்பு. அமெரிக்கா கைகொடுக்கவில்லை, பவுண்டு ஆட்டங்கண்டது, பிரிட்டிஷ் படைகள் திரும்பின. 1961-இல் பிரதமர் மாக்மில்லன் அதே சந்தையில் சேர விண்ணப்பித்தார். பிரெஞ்சு அதிபர் தெகால் 1963-இலும் 1967-இலும் முடியாது என்றார். 1973-இல்தான் இடம் கிடைத்தது.

அந்தப் பேரத்தில் நியூசிலாந்து வெண்ணெய்க்கென்றே தனி நெறிமுறை எழுத வேண்டியிருந்தது. உலகின் மறுகோடியிலிருந்து கப்பலேறி வந்து பிரிட்டிஷ் ரொட்டியில் தடவப்பட்ட வெண்ணெய் அது. சாம்ராஜ்யம் கலைந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் மிச்சமிருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் தோள்கொடுத்தவர்களைக் கைவிடுகிறோமோ என்ற உறுத்தல் உண்மையானது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

என் குறை தலைவர்கள் மேல்தான். மக்களிடம் விலைவாசி, வேலை, சந்தை என்றே பெரிதும் பேசினார்கள். இனி நாம் நடுத்தர நாடு, இறையாண்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் செல்வாக்கு என்று உரக்கச் சொன்னவர்கள் சிலரே. 1975 வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் நீடிக்கலாம் என்றார்கள். 2016-இல் 51.9 விழுக்காட்டினர் விலகுவோம் என்றார்கள்.

சாம்ராஜ்ய ஏக்கம்தான் காரணம் என்று இதை முடித்துவிடுவது சோம்பேறித்தனம். குடியேற்றம் பற்றிய கவலை, அரசின் செலவுக் குறைப்பு, ஆலைகள் மூடி நலிந்த ஊர்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. சாம்ராஜ்யத்தை நடத்தியதில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் பெரும் பங்குண்டு. ஆனாலும் 2016-இல் அங்கே 62 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தார்கள்.

பட்டத்தோடு வெளியே போகிறீர்கள். பிரெக்ஸிட்டுக்கு ஒரே காரணம் சொல்கிறவரைச் சந்தித்தால், ஸ்காட்லாந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.  வணக்கம்.