அடலசன்ஸ் சீரீஸை எந்த வயசுப் பிள்ளைக்குக் காட்டலாம்?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு சீரீஸ், ஒரே ஒரு கேள்வி. சீரீஸ் பேரு அடலசன்ஸ். 2025 மார்ச்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது, மொத்தமே நாலு எபிசோட். கேள்வி இதுதான்: வீட்டுல எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தா இதைக் காட்டலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி எனக்கு ரெண்டு விதமா வருது. ஒருத்தர் கேட்கிறார், "சீரீஸ்ல வர்ற பையனுக்கு 13 வயசு, என் பையனுக்கும் 13. அப்போ அவன் பார்க்கலாம்தானே?" இன்னொருத்தர், "கொலைக் கதைன்னு சொல்றாங்க, அதெல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்கு?" ரெண்டு பேர் கேட்கிறதுலயும் நியாயம் இருக்கு. முதல்லயே சொல்லிடுறேன், நான் மனநல நிபுணர் கிடையாது. கோடு எழுதுற ஆள். ஆனா இந்த சீரீஸை ரெண்டு தடவை முழுசா பார்த்திருக்கேன். ரெண்டாவது தடவை, ஒன்பதாவது படிக்கிற என் அக்கா பையனோட. அக்காவும் கூடவே உட்கார்ந்திருந்தாங்க. அதை வச்சுத்தான் இந்தப் பேச்சு.

கதை முழுக்க சொல்லப்போறேன். பார்க்காதவங்க, பார்த்துட்டு வந்து கேட்டாலும் சரி. கொலை செஞ்சது யாருன்னு முதல் எபிசோட் முடிவுலயே தெரிஞ்சுடும், அதனால பெருசா எதையும் இழக்க மாட்டீங்க.

கதை என்ன?

இங்கிலாந்துல ஒரு சாதாரணக் குடும்பம். அப்பா எடி பிளம்பர். விடிகாலைல போலீஸ் துப்பாக்கியோட கதவை உடைச்சு உள்ள வருது. தேடி வந்தது 13 வயசுப் பையன் ஜேமியை. கூடப் படிக்கிற கேட்டிங்கிற பொண்ணைக் கத்தியால குத்திக் கொன்னதா குற்றச்சாட்டு. முதல் எபிசோட் காவல் நிலையம், ரெண்டாவது பள்ளிக்கூடம். மூணாவது, ஏழு மாசம் கழிச்சு ஜேமியும் ஒரு சைக்காலஜிஸ்ட்டும் ஒரே ரூம்ல. நாலாவது, அப்பாவோட 50-வது பிறந்தநாள் அன்னைக்கு அந்தக் குடும்பம். ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட், நடுவுல கட் கிடையாது. எழுதினது ஜாக் தார்னும் ஸ்டீஃபன் கிரஹாமும். அப்பாவா நடிச்சிருக்கிறதும் கிரஹாம்தான். இயக்கம் பிலிப் பரான்டினி. ஜேமியா நடிச்ச ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. 15 வயசுல எம்மி விருது வாங்கினார்.

ஸ்கிரீன்ல போடுற நம்பர் எதைச் சொல்லுது?

நம்ம ஊர்ல 2021 ஐடி விதிகள்படி ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ-ன்னு அஞ்சு வகையாப் பிரிக்கணும். இது சென்சார் போர்டு கொடுக்கிறது இல்ல, தளமே தனக்குப் போட்டுக்கிறது. யு/ஏ 13+ ஆரம்பிச்சு மேல இருக்கிற எல்லாத்துக்கும் பெற்றோர் பூட்டுப் போடுற வசதி இருந்தாகணும். பல வீடுகள்ல அந்த வசதி இருக்கிறதே தெரியாது. இன்னைக்கே உங்க அக்கவுன்ட்ல போய்ப் பாருங்க.

இப்போ ஒரு வேடிக்கை. இதே சீரீஸுக்கு அமெரிக்காவுல டிவி-எம்ஏ, அதாவது 17-க்குக் கீழ பொருந்தாதுங்கிற முத்திரை. பிரிட்டன்ல 15. ஒரு ஃப்ரேம்கூட மாறல, நம்பர் மட்டும் மாறுது. ஏன்னா அந்த நம்பர் ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு கணக்கெடுக்குது: எவ்வளவு ரத்தம், எவ்வளவு கெட்ட வார்த்தை, உடம்பு தெரியுதா, போதைப்பொருள் வருதா. எந்த நாட்டுல எதுக்கு எவ்வளவு பயப்படுறாங்களோ, அதுக்குத் தக்க மாதிரி நம்பர் வருது.

அந்தக் கணக்குல பார்த்தா அடலசன்ஸ்ல என்ன இருக்கு? கெட்ட வார்த்தை நிறைய இருக்கு. கொலை, தூரத்துல இருந்து எடுத்த சிசிடிவி காட்சியா வருது, குளோசப் கிடையாது. ஜேமியோட துணியைக் கழட்டிச் சோதனை போடுற இடத்துல கேமரா பையன் பக்கம் போகவே இல்லை, அப்பா முகத்துலயே நிக்குது. அவ்வளவுதான். நாம குடும்பத்தோட பாப்கார்ன் வாங்கிட்டுப் போற மாஸ் படத்துல இடைவேளைக்குள்ளயே இதைவிட அதிக ரத்தம் பார்த்துடுவோம்.

ஆனா அந்த மாஸ் படம் பார்த்துட்டு வந்த பையன் நல்லாத் தூங்குவான். இதைப் பார்த்தவன் தூங்குவானான்னு சொல்ல முடியாது. மூணாவது எபிசோட்ல அந்தம்மா பிரையனி அவனுக்கு ஹாட் சாக்லேட்டும் பாதி சாண்ட்விச்சும் கொண்டு வர்றாங்க. சாதாரணமாப் பேசிட்டிருக்கிற பையன் திடீர்னு எழுந்து கத்துறான், கப்பைத் தட்டி விடுறான், அவங்க மேல பாயிற மாதிரி வந்து நிக்கிறான். அடுத்த நிமிஷம் குழந்தை மாதிரிச் சிரிக்கிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனா நாலு எபிசோட்ல ரொம்பக் கனமானது அதுதான். கட் இல்லாததால கண்ணை எடுக்கவும் இடம் இல்லை. இதை எந்த நம்பரும் சொல்லாது.

பிள்ளைங்க கேட்கப்போற முதல் கேள்வி

அக்கா பையன் முதல் எபிசோட்லயே கேட்டான்: "மாமா, இங்கயும் இப்படி வந்து பிடிச்சுட்டுப் போவாங்களா?" இதுக்குப் பதில் தெரிஞ்சு வச்சுட்டு உட்காருங்க. இங்கிலாந்துல 10 வயசு ஆயிட்டாலே குற்றத்துக்குப் பொறுப்பாக்கலாம். நம்ம நாட்டுல 18 வயசுக்குக் கீழ இருந்தா சிறார் நீதிச் சட்டம் 2015 வரும். குழந்தையை லாக்கப்ல வைக்கக்கூடாது, ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள சிறார் நீதிக் குழுமம் முன்னாடி கொண்டு போகணும். 16 முடிஞ்ச பிள்ளை கொடுங்குற்றம் செஞ்சதாப் புகார் வந்தா, பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமான்னு அந்தக் குழுமம் ஆராயும். இதைச் சொன்னதும் அவன் தோள் கொஞ்சம் இறங்குச்சு. பயத்தை மட்டும் கொடுத்துட்டு விவரத்தைக் கொடுக்காம விட்டா, ராத்திரி அவன் தனியா யூடியூப்ல தேடுவான்.

ரெண்டாவது எபிசோட்ல நிலைமை தலைகீழாச்சு. விசாரிக்கிற போலீஸ் அதிகாரி பாஸ்கோம்ப், கேட்டி இன்ஸ்டாகிராம்ல ஜேமிக்குப் போட்ட கமென்ட்டைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் நட்பா இருந்தாங்கன்னு நினைக்கிறார். அதே ஸ்கூல்ல படிக்கிற அவரோட பையன்தான் தனியாக் கூப்பிட்டு விளக்குறான். அந்த இமோஜிக்கு அர்த்தம் வேற, அது கேலி, அவ அவனை இன்செல்னு சொல்லிட்டிருக்கான்னு. இன்செல்னா, எந்தப் பொண்ணும் நம்மளை விரும்ப மாட்டான்னு நம்பி, அந்தக் கோபத்தைப் பொண்ணுங்க மேலயே திருப்புற ஆண்கள் கூட்டம். 80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களைத்தான் விரும்புறாங்கன்னு அவங்களுக்கு ஒரு சூத்திரம் வேற. அறிவியல் மாதிரி சொல்லிட்டுத் திரியிற கட்டுக்கதை.

இந்த இடத்துல நான் டிவியை நிறுத்திட்டு விளக்கத் தயாரானேன். அக்காவுக்கு ஒண்ணும் புரியல. பையன் சாவகாசமாச் சொல்றான், "இந்த 80-20 ரீல்ஸ் எல்லாம் எங்க கிளாஸ்ல எல்லாரும் பார்த்திருக்காங்களே." அக்கா முகத்தைப் பார்க்கணுமே!

அதனால "இதைக் காட்டினா பிள்ளைங்க இந்த விஷயத்தையெல்லாம் கத்துக்குவாங்களே"ன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் இதுதான். விஷயம் ஏற்கனவே ஃபோன் வழியா வந்தாச்சு. அது வந்தப்போ யாரும் வயசு கேட்கல, நாமளும் பக்கத்துல இல்லை. இந்த சீரீஸ்லயாவது அதோட முடிவு என்னன்னு காட்டுறாங்க.

எனக்கு உறுத்தின இடம்

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நாலு எபிசோடும் ஜேமி, அவன் அப்பா, அவன் அம்மா, அவன் அக்கா. நமக்கு அவன் மேல பரிதாபம் வருது. 13 வயசு, பயந்துபோய் டவுசரை நனைச்சுடுறான், ரூம்ல டெடி பியர் இருக்கு. கேட்டி? சிசிடிவில ஒரு உருவம், சில ஃபோட்டோ. அவ வீட்டுக்குக் கேமரா போகவே இல்லை. கொலைகாரனைத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சுப்பாங்க, செத்தவளை மறந்துடுவாங்கன்னு ரெண்டாவது எபிசோட்ல ஒரு பெண் அதிகாரியே வருத்தப்படுறாங்க. எழுதினவங்களுக்குத் தெரிஞ்சே செஞ்சதுதான். பெரியவங்களுக்கு அது புரியும். 14 வயசுப் பையனுக்குப் புரியுமா?

முடிஞ்சதும் அக்கா பையன்கிட்ட கேட்டேன், "செத்துப்போன பொண்ணு பேர் என்னடா?" யோசிச்சான். ஜேமி, எடி, பிரையனி எல்லாம் சொன்னான். அவ பேர் வரல. "அந்தப் பொண்ணு"ன்னான். சரி, அவளுக்கு என்னல்லாம் நடந்துச்சுன்னு கேட்டேன். அப்பதான் மெதுவா அடுக்கினான். அவளோட அந்தரங்க ஃபோட்டோவை ஒருத்தன் கிளாஸ் முழுக்கப் பரப்பினான். அவ உடைஞ்சு போயிருப்பா, இப்போ கேட்டா ஒத்துக்குவான்னு கணக்குப் போட்டு ஜேமி வெளிய கூப்பிட்டான். அவ முடியாதுன்னு சொன்னா. இதைச் சொல்லி முடிச்சுட்டு அவனே சொன்னான், "அப்போ அவ மேல தப்பே இல்லல்ல, மாமா." அதுவரைக்கும் அவன் மனசுல, அவ கேலி பண்ணினதாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரு கணக்கு ஓடிட்டிருந்திருக்கு. தனியா ஃபோன்ல பார்த்திருந்தா அந்தக் கணக்கோடவே நின்னுருப்பான்.

பிரிட்டன்ல எல்லா மேல்நிலைப் பள்ளிகளும் இதை இலவசமாப் போட்டுக் காட்ட ஏற்பாடு பண்ணினாங்க. தன் பிள்ளைகளோட பார்த்ததா பிரதமர் ஸ்டார்மரே சொன்னார். எனக்கு இதுல பாதி சம்மதம். 200 பேரை ஹால்ல உட்கார வச்சுப் போட்டா, யாரோ ஒருத்தன் சிரிப்பான், மத்தவங்களும் சிரிப்பாங்க. அங்க யாரும் கேட்டியைப் பத்திப் பேச மாட்டாங்க. அஞ்சாறு பேரும், பேச ஒரு டீச்சரும் இருந்தா சரி.

அப்போ என் முடிவு

12 வயசு வரைக்கும் வேண்டாம். பயம் மட்டும்தான் மிஞ்சும்.

13-ல இருந்து 15 வரைக்கும், பெரியவங்க பக்கத்துல இருந்தா காட்டலாம். நீங்க முதல்ல தனியா பார்த்துடுங்க. அப்புறம் நாளுக்கு ஒரு எபிசோட். ஒரே ராத்திரில நாலையும் முடிக்காதீங்க. பெரிய ஸ்கிரீன்ல, ராத்திரி தூங்கப்போற நேரத்துல இல்லாம, சாயங்காலமா. மூணாவது எபிசோட் தாங்கலன்னு பிள்ளை சொன்னா நிறுத்திடுங்க, முடிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

16-க்கு மேல அவங்களாவே பார்க்கட்டும். பார்த்ததுக்கு அப்புறம் பேசுங்க.

வயசைத் தாண்டி ஒரு விதிவிலக்கு. ஸ்கூல்ல கேலிக்கு ஆளாகிற பிள்ளை, இல்ல ஃபோட்டோவைப் பரப்பிடுவேன்னு யாராவது மிரட்டின பிள்ளை வீட்டுல இருந்தா, 17 வயசானாலும் திடீர்னு இதைப் போட்டு உட்கார வைக்காதீங்க. முதல்ல அந்தப் பிரச்சினையைப் பேசுங்க. 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, பிள்ளைங்களே கூப்பிடலாம்.

மத்த கிரைம் சீரீஸுக்கு இதே அளவுகோல் பொருந்துமான்னு கேட்டா, அப்படியே பொருந்தாது. பிரேக்கிங் பேட்ல கெமிஸ்ட்ரி வாத்தியார் போதைப்பொருள் தயாரிக்கிறார், நாமளே அவர் மாட்டக்கூடாதுன்னு வேண்டிக்கிறோம். அங்க குற்றம் கெத்தாத் தெரியறதுதான் ஆபத்து. சுழல்ல வயசுப் பொண்ணு காணாமப் போறதுல ஆரம்பிச்சு, குழந்தைங்க மேல நடக்கிற பாலியல் வன்முறைக்குக் கதை போகுது. அங்க பிள்ளை வேற கேள்வி கேட்கும், நீங்களும் வேற பதில் வச்சிருக்கணும். நம்பரைப் பார்த்துட்டு விட்டுடாம, இந்தக் கதை என் பிள்ளையை யார் பக்கம் நிக்க வைக்குதுன்னு ஒரு தடவை யோசிங்க.

நீங்க வீட்டுல பிள்ளைங்களோட அடலசன்ஸ் பார்த்தா, முடிஞ்சதும் அந்தப் பொண்ணு பேரைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேர் சொல்லாம வாசிக்கிறேன்.