கல்லூரிப் பட்டியலும் வீட்டுக் கணக்கும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும் வீடுதோறும் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "எந்தக் கல்லூரியில் சேருவது?" என்பதே அது. கேள்வி இயல்பானதுதான். ஆனால் அதனை ஒருமையிலே கேட்பது தொல்லைக்கு வித்தாகின்றது. எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது, எந்த வரிசையில் விரும்புவது, எவ்வளவு பணத்தை மனத்திற்கொண்டு முடிவு செய்வது என்று பன்மையிலே கேட்கப் பழகவேண்டும். அதனைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகின்றேன்.

நான் சேலம் அம்மாபேட்டையில் ஆசிரியனாக இருந்தவன். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் பாடம் சொன்னவன். எங்கள் ஊர் நெசவாளரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பாவு ஓடுவதற்கு முன்பே, கையிலுள்ள நூல் எத்தனை சேலைக்கு வரும் என்று அவர் கணக்கிட்டுக்கொள்வார். பாதி நெய்தபின் நூல் தீர்ந்தால் நெய்த பாதியும் சேலையாகாது என்பதை அவர் அறிவார். ஆனால் அதே நெசவாளர், தம் மகனுடைய படிப்பு என்று வரும்போது மட்டும் இக்கணக்கை மறந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

என் மாணவன் ஒருவன் கணிதத்தில் வல்லவன். வெளிமாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் பெயர் மட்டுமே அவன் நாவில் இருந்தது. வேறெங்கும் அவன் விண்ணப்பிக்கவில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் இடமும் கிடைத்தது. முதலாண்டுக் கட்டணத்திற்குத் தாயின் நகை போயிற்று. இரண்டாம் ஆண்டுக்கு வட்டிக் கடன் வந்தது. மூன்றாம் ஆண்டுக்கு வழியில்லை. பையன் விசைத்தறிக்கு வேலைக்குப் போனான். அவனுடைய அறிவிலே குறையில்லை. தந்தையின் அன்பிலும் குறையில்லை. நான்காண்டுச் செலவையும் நான்காண்டு வரவையும் அருகருகே எழுதிப் பார்த்த தாள் ஒன்று அந்த வீட்டில் இல்லை. அவ்வளவே குறை.

எனவே நான் சொல்ல வந்த முதற் செய்தி இதுதான்: பட்டியலை அடியிலிருந்து மேலே எழுதுங்கள். உறுதியாக இடம் கிடைக்கும், கடைசி ஆண்டு வரையில் வீட்டால் செலவு தாங்க முடியும், அங்கே படிப்பதற்கு உங்களுக்கும் மனம் ஒப்பும் என்ற மூன்றும் பொருந்திய கல்லூரியை முதலில் தேடுங்கள். அதுவே அடிவரி. அடிவரி உறுதியானபின் மேல்வரியில் எவ்வளவு உயரமான ஆசையையும் எழுதலாம். அடிவரி இல்லாத ஆசைதான் குடும்பத்தைக் கடனில் தள்ளுகின்றது.

எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அடிவரிக்குப் பஞ்சமில்லை. சேலம் அரசு கலைக் கல்லூரி உண்டு. கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி உண்டு. நாமக்கல், இராசிபுரம், மேட்டூர், எடப்பாடி ஆகிய ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கின்றோம். ஒரு விண்ணப்பத்தில் 5 கல்லூரிகள் வரை குறிப்பிடலாம். அண்மை ஆண்டுகளில் இதற்கான மொத்தக் கட்டணம் 50 ரூபாய். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2 ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினர். இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கின்ற காப்பை, "பொறியியல்தான் கிடைத்துவிடுமே" என்ற நம்பிக்கையில் சிலர் விட்டுவிடுகின்றனர். அது தகாது. இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பவனே அறிவாளி.

தனியார் கல்லூரிகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கல்லூரியில், ஒரே பாடத்திற்கு, அரசு உதவி பெறும் பிரிவு என்றும் சுயநிதிப் பிரிவு என்றும் இரண்டு இருக்கக்கூடும். வாயிற்பலகையில் பெயர் ஒன்றுதான். கட்டணம் மட்டும் வெவ்வேறு. எந்தப் பிரிவில் இடம் தருகின்றார்கள் என்று கேட்டறியாமல் பணம் கட்டலாகாது.

இனிப் பொறியியலுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997 ஆம் ஆண்டு தொடங்கிற்று. 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்ட மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகின்றது. மாணவர் தம் விருப்பங்களை வரிசையாகப் பதிவு செய்ய, கணினி அவருடைய முறை வரும்போது அவ்வரிசையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும். எந்த வரியில் இடம் இருக்கின்றதோ அங்கே நிற்கும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, மேலே எட்டாத கல்லூரியை எழுதியதனால் கீழேயுள்ள வாய்ப்பு கெடுவதில்லை. எனவே உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதவேண்டும். "இது நமக்குக் கிடைக்காது" என்று அஞ்சி வரிசையை மாற்றலாகாது. இரண்டு, கட்டணம் கட்ட இயலாத கல்லூரியை எழுதிவிட்டால் கணினி அதனையும் கொடுத்துவிடும். அதற்கு உங்கள் வீட்டு வரவு தெரியாது. ஆகவே பட்டியலில் ஏறும் ஒவ்வொரு வரியும், கிடைத்தால் சேர முடிகின்ற வரியாக இருக்கவேண்டும். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு எல்லையில்லை. பத்து வரியோடு நிறுத்திவிட்டு இடம் கிடைக்கவில்லையே என வருந்துவோர் இனி ஐம்பது வரி எழுதட்டும். கருப்பூரில் 1966 இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியை மேலே வைப்போர், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியை அடுத்து வைக்கும்போது, விடுதிச் செலவையும் சேர்த்து எண்ணட்டும்.

முந்தைய ஆண்டுகளில் எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற விவரம், வகுப்புவாரியாக வெளியிடப்படுகின்றது. ஓராண்டு மட்டும் பாராமல் மூன்றாண்டு பாருங்கள். வினாத்தாள் எளிதான ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் உயரும். ஆகவே மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணே மெய்யான வழிகாட்டி.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் 3,000 ரூபாய் படிப்புக்கென ஒதுக்க முடியும் என்று கொள்வோம், ஆண்டுக்கு 36,000. தனியார் பொறியியல் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டு இடத்திற்கு 2017 இல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். பேருந்துக்கு 20,000, தேர்வுக்கும் புத்தகத்திற்கும் 10,000 என்று எடுத்துக்காட்டாகச் சேர்த்தால் 80,000 ஆகின்றது. துண்டு விழுவது 44,000. "இயலாது" என்று தந்தை சொல்லிவிடுவார்.

ஆனால் கணக்கை இன்னும் முடிக்கவில்லை. அம்மாணவி தன் குடும்பத்தில் பட்டம் பெறப்போகும் முதல் ஆளாக இருந்து, கலந்தாய்வு வழியே சேர்ந்தால், 2010 இல் தொடங்கிய முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. அது 25,000 ரூபாயைக் குறைத்தால் துண்டு 19,000 ஆகின்றது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கலாயிற்று. மாணவர்க்கெனத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 இல் வந்தது. அந்த 12,000 ரூபாயையும் கழித்தால் துண்டு 7,000 மட்டுமே. இயலாது என்று சொன்ன இடம் இயலும் இடமாகிவிட்டது! அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டிலேயே இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும் முறை 2021 இல் வந்தது. ஆண்டுதோறும் விதிகள் மாறக்கூடும். ஆதலால் உங்கள் ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்து இக்கணக்கைப் போடுங்கள். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவோர் முதல் பட்டதாரிச் சலுகையை இழக்கின்றனர்.

பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டா. ஐ.ஐ.டி. என்றாலே பெருஞ்செலவு என்பர். ஆண்டு வருமானம் 1 லட்சத்திற்குட்பட்ட குடும்பத்து மாணவர்க்கு அங்கே கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்றும், 5 லட்சத்திற்குட்பட்டோர்க்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்றும் 2016 இல் விதி வந்தது. அதேபோல், சேலத்திலேயே 1960 முதல் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தை, தறியடியிலேயே வளர்ந்த பிள்ளைகள் பலர் எண்ணியும் பார்ப்பதில்லை. வீட்டுத் தொழிலை அறிவியலாகக் கற்பது ஒருவகை முன்னேற்றம் அன்றோ?

பெற்றோர்க்குச் சில சொற்கள். குடும்பத்தின் உண்மையான வருமானத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதனைத் தாங்கும் வலிமை உண்டு. மகனுக்குக் கடன் வாங்கிப் பொறியியல், மகளுக்கு அருகிலுள்ள எதுவோ ஒன்று என்று இரண்டு தாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே அளவுகோலால் இருவரையும் அளங்கள். நன்கொடை கேட்கும் இடத்தை விட்டு விலகுங்கள். 1992 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்திருக்கின்றது. கடன் இன்றியமையாதது என்றால் வட்டிக்காரரிடம் போகாமல் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பது வங்கிகளின் வழக்கமன்று. ஆயினும் கடன் கடனே. வேலை கிடைத்தபின் மாதந்தோறும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மாணவர்களே, தேர்வு முடிந்த விடுமுறையிலேயே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்றுவிடுங்கள். பிறகு ஒருநாள் மாலை, அப்பாவும் அம்மாவும் தறியை விட்டு இறங்கியபின், ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி வரையுங்கள். முதற் பத்தியில் கல்லூரியும் பாடமும். இரண்டாவதில் இடம் கிடைக்கும் வாய்ப்பு. மூன்றாவதில் படிப்பு முடியும் வரையில் ஆகும் மொத்தச் செலவு. அடியில் இரண்டு, நடுவில் பல, மேலே சில. எழுதி முடித்ததும் அடிவரியை மறுபடியும் படியுங்கள். "இதுதான் கிடைத்தது என்றாலும் மகிழ்ச்சியோடு போவேன்" என்று உங்கள் உள்ளம் சொல்லுமானால் பட்டியல் நன்று. சொல்லாவிட்டால் தாளைக் கிழித்துவிட்டு இன்னொரு மாலை உட்காருங்கள். அதற்குச் செலவு ஒரு தாள்தான்.